விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு

மேசைக் கணினிக்கு வரும் பழுதுகளில் ஆளை அதிகம் குழப்புவது ஒன்று உண்டு. பட்டனை அழுத்தியதும் பெட்டிக்குள் விசிறி சுற்றும். முன்பக்கத்துச் சின்ன விளக்கு எரியும். காதை வைத்துக் கேட்டால் உள்ளே ஏதோ ஓடுகிறது என்றும் தெரியும். மொனிட்டரில் மட்டும் ஒன்றும் வராது. அடியோடு எதுவும் நடக்காவிட்டால் கரண்ட் இல்லை என்று பிளக்கைப் பார்க்கலாம். பாதி நடந்து பாதி நடக்காதபோதுதான் எங்கே கை வைப்பது என்று தெரிவதில்லை.

புசல்லாவைப் பக்கம் இந்தக் குழப்பத்துக்கு ஒரு பருவமே இருக்கிறது. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியில், தேயிலை மலைகளுக்கு நடுவே உள்ள ஊர் இது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும், ஒரு பருவக்காற்று ஓய்ந்து மற்றது தொடங்குவதற்கு இடைப்பட்ட நாட்களில், பின்னேரமானால் மலைநாட்டில் இடியும் மின்னலும்தான். லைட் போகும், வரும், வந்த வேகத்திலேயே மறுபடி போகும். இத்தனைக்கும் கொத்மலை நீர்த்தேக்கம் பக்கத்தில்தான் கிடக்கிறது. 1985இல் இயங்கத் தொடங்கிய அதன் மின்நிலையத்தின் கொள்திறன் 201 மெகாவாட். ஆனால் அங்கே பிறக்கும் மின்சாரம் நேரே பக்கத்து லயத்துக்கு வருவதில்லை. உயர் அழுத்தக் கம்பிகளில் மேல் மாகாணத்துப் பியகம வரை போய், நாடு முழுவதற்குமான வலையில் கலந்துவிடுகிறது. 2021 டிசம்பர் 3ஆம் திகதியும் 2023 டிசம்பர் 9ஆம் திகதியும் இலங்கை முழுவதும் இருண்டபோது, இரண்டு முறையும் காரணமாகச் சொல்லப்பட்டது இந்தக் கொத்மலை - பியகம பாதையில் ஏற்பட்ட கோளாறுதான். 2025 பெப்ரவரி 9இல் நாடு இருண்டதற்குப் பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கைக் காரணம் காட்டினார் மின்சக்தி அமைச்சர். 2022 மார்ச் கடைசியில் குரங்கும் தேவைப்படவில்லை. எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல், ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்தது.

கரண்ட் போவதால் பழுதாகும் கணினிகளை விட, அது திரும்பி வரும்போது பழுதாகும் கணினிகள் அதிகம். சாதாரண தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைக்காக வாங்கிய பாவித்த கணினி, இடி ஓய்ந்த மறுநாள் எழும்பாமல் கிடக்கும். "போர்ட் அடிச்சிருக்கும்" என்பதே எல்லார் வாயிலும் முதலில் வரும் தீர்ப்பு. சிலவேளை அது சரியாகவும் இருக்கும். ஆனால் சோதிக்காமல் சொல்லும்வரை அது ஊகம், அந்த ஊகத்தின் விலை ஒரு தாய்ப்பலகையின் விலை.

பட்டனை அழுத்தியதிலிருந்து திரையில் முதல் எழுத்து வரும்வரை உள்ள சில செக்கன்களில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் ஊகிக்கத் தேவையில்லை. 1841இல் மொரிஸ் டி வோம்ஸ் சீனத் தேயிலைக் கன்றுகளை நட்டுப் பார்த்த ரொத்சைல்ட் தோட்டம் இருக்கும் ஊரில், அதை விளக்கப் பெரட்டு என்ற ஒரு சொல் போதும். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: விடியற்காலையில் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் பெரட்டுக்களத்தில் கூடுவார்கள். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு, ஆள் வந்திருக்கிறதா என்று பார்த்து, பிறகுதான் இன்னார் இந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவார். பெரட்டு முடியாமல் ஒரு கொழுந்துகூடக் கிள்ளப்படுவதில்லை. கணினிக்குள்ளும் ஒவ்வொரு தடவை பட்டனை அழுத்தும்போதும் ஒரு பெரட்டு நடக்கிறது. அதற்குப் 'போஸ்ட்' என்று பெயர், தமிழில் தொடக்கத் தற்சோதனை எனலாம். 1981 ஆகஸ்ட்டில் ஐபிஎம் நிறுவனம் தன் முதல் தனியாள் கணினியை வெளியிட்டபோதே இந்த வழக்கம் இருந்தது. கணக்கப்பிள்ளை வேலையைப் பார்ப்பது, தாய்ப்பலகையில் ஒட்டியிருக்கும் சிறு சில்லு ஒன்றில் அழியாமல் எழுதிவைத்த நிரல். அதன் பழைய பெயர் பயோஸ். இன்றைய கணினிகளில் யூஈஎஃப்ஐ என்பது அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. விண்டோஸ் எல்லாம் இந்த நிரல் தன் வேலையை முடித்த பிறகு வருவது.

இந்தப் பெரட்டில் திரை பிந்திக் கூப்பிடப்படும் பேர். ஆகவே கறுப்புத் திரைக்கு இரண்டு பொருள் இருக்கலாம். திரையின் முறை வருவதற்கு முன்பே ஒரு பேருக்குப் பதில் கிடைக்காமல் கணக்கப்பிள்ளை நின்றுவிட்டார் என்பது ஒன்று. பெரட்டு ஒழுங்காக முடிந்து வேலையும் தொடங்கிவிட்டது, மொனிட்டர்தான் படத்தைக் காட்டவில்லை என்பது மற்றது. முதலில் இந்த இரண்டில் எது என்று அறிய வேண்டும். அதற்குச் சதம் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது.

விசைப்பலகையின் வலது மூலையில் நம் லொக் என்று ஒரு விசையும், அதற்கென ஒரு சின்ன விளக்கும் இருக்கும். விசையை அழுத்தினால் விளக்கு எரியும், மறுபடி அழுத்தினால் அணையும். விளக்கை எரிய வைப்பது விசைப்பலகைதான் என்று தோன்றும். உண்மையில் அதற்கு அந்த அதிகாரம் இல்லை. விசை அழுத்தப்பட்ட செய்தியை அது கணினிக்கு அனுப்புகிறது. கணினியில் ஓடும் நிரல் அதைப் படித்து, 'விளக்கை ஏற்று' என்று திருப்பிக் கட்டளை அனுப்புகிறது. பிறகுதான் விளக்கு எரிகிறது. அந்தச் சிறு பச்சை வெளிச்சம் செயலியைச் சுற்றிப் போய்வந்த ஒரு செய்தியின் பதில். திரை கறுப்பாக இருக்கும்போது நம் லொக்கை அழுத்திப் பாருங்கள். விளக்கு மாறினால் செயலி வேலை செய்கிறது, நினைவகம் வேலை செய்கிறது, பெரட்டும் பெரும்பாலும் முடிந்துவிட்டது. போர்டைக் குறை சொல்ல இடமில்லை. மாறாவிட்டால் கணக்கப்பிள்ளை எங்கோ நின்றுவிட்டார் என்று கொள்ளலாம்.

விளக்கு மாறுகிறது என்றால் தேட வேண்டியது மொனிட்டர், கேபிள், திரை அட்டை ஆகிய மூன்றில் மட்டும். மொனிட்டரில் 'சைகை இல்லை' என்ற பொருளில் ஒரு வாசகம் மிதந்தால், அதை எழுதுவது மொனிட்டரே. அதற்கு உயிர் இருக்கிறது, படம்தான் வந்து சேரவில்லை. கேபிளைப் பெட்டியின் பின்னால் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். தனியாகத் திரை அட்டை பூட்டிய கணினிகளில் பின்பக்கம் இரண்டு இடத்தில் படத் துவாரம் இருக்கும். அட்டை இருக்கும்போது தாய்ப்பலகையின் துவாரம் பல கணினிகளில் தானாக மூடிக்கொள்ளும். வீட்டைக் கூட்டித் துடைத்த அன்று கேபிள் இடம் மாறி, அதனால் கணினியே கடைக்குப் போவது நடக்காத கதை அல்ல.

மொனிட்டர் முழுக் கறுப்பாக, எழுத்தும் இல்லாமல் இருந்தால் டோர்ச் லைட்டை எடுங்கள். அறையை இருட்டாக்கி, லைட்டைத் திரைக்கு மிக அருகே சாய்வாகப் பிடித்துக் கூர்ந்து பாருங்கள். மங்கலாகச் சின்னங்களோ எழுத்துகளோ தெரிகின்றனவா? தெரிந்தால் படம் வந்திருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை. திரவப் படிகத் திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னால் இருக்கும் விளக்குகளின் ஒளியை ஒவ்வொரு புள்ளியிலும் விடுவதும் மறைப்பதும்தான் படிகத்தின் வேலை. பின்விளக்கோ அதற்கு மின் கொடுக்கும் சுற்றோ பழுதானால் படிகம் இருட்டில் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நாம் டோர்ச்சால் வெளிச்சத்தைக் கடன் கொடுத்ததும் அது செய்த வேலை தெரிந்துவிடுகிறது.

இனி நம் லொக் விளக்கு அசையாத கணினிக்கு வருவோம். இங்கே முதலில் சந்தேகிக்க வேண்டியது மின்வழங்கி. மேசையில் நாம் அழுத்தும் பட்டன் வீட்டுச் சுவிட்சின் வேலையைச் செய்வதில்லை. வீட்டுச் சுவிட்ச் மின்பாதையையே வெட்டும், இணைக்கும். இன்டெல் 1995இல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்பு முதல், கணினிப் பட்டன் ஒரு வேண்டுகோளை மட்டும் அனுப்புகிறது. பிளக்கில் கரண்ட் உள்ளவரை, அணைத்துவைத்த கணினியும் முழுதாக அணைந்திருப்பதில்லை. மின்வழங்கிக்குள் ஒரு சிறு சுற்று ஊதா நிறக் கம்பி வழியாக 5 வோல்ற்றைத் தாய்ப்பலகைக்கு ஓயாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். அந்தச் சொற்ப மின்சாரத்தில் விழித்திருக்கும் பலகை, பட்டன் அழுத்தப்பட்டதும் பச்சைக் கம்பியின் வோல்ற்றளவைச் சுழியத்துக்கு இழுக்கும். மின்வழங்கிக்கு அதுதான் 'எழும்பு' என்ற கட்டளை. உடனே மஞ்சள் கம்பியில் 12, சிவப்பில் 5, செம்மஞ்சளில் 3.3 வோல்ற்று ஏறத் தொடங்கும். (அண்மைக் கால மின்வழங்கிகள் சிலவற்றில் அழகுக்காக எல்லாக் கம்பிகளையும் கறுப்பாக்கிவிட்டார்கள். பழுது பார்ப்பவர்களை யாரும் கேட்கவில்லை போலும்.)

விசிறிக்கு வேண்டியது 12 வோல்ற்று. அது கிடைத்தால் சுற்றும், மற்றவை வந்தனவா என்று பார்க்காது. எனவே சுற்றும் விசிறி, 12 வோல்ற்றுக் கம்பியில் ஏதோ இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. கணினி ஓடுகிறது என்பதற்குச் சாட்சி அல்ல. மின்வழங்கி தன் வோல்ற்றளவுகள் எல்லாம் நிலைகொண்டனவா என்று தானே பார்த்து, 0.1 முதல் 0.5 செக்கனுக்குள் சாம்பல் நிறக் கம்பியில் 'வலு சரி' என்று ஒரு சைகை தரும். அது வரும்வரை செயலியை அசையவிடாமல் பலகை பிடித்து வைத்திருக்கும். ஏதாவது ஒரு வோல்ற்றளவு தள்ளாடி, அந்தச் சைகை வராமலே போனால்? விசிறிகள் சுற்றிக்கொண்டே இருக்கும், செயலி ஒரு கட்டளையைக்கூட நிறைவேற்றியிராது. முதல் பந்தியில் சொன்ன புதிருக்குப் பல வீடுகளில் விடை இதுதான்.

கரண்ட் திரும்பி வரும்போதே இது ஏன் நிகழ்கிறது? இலங்கை வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று, செக்கனுக்கு 50 சுற்று ஆடலோட்டம். அதன் உச்சம் கிட்டத்தட்ட 325 வோல்ற்று. மின்வழங்கி அதை நேரோட்டமாக்கிக் கொள்ளளவிகளில் தேக்கி, செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, சிறியதொரு நிலைமாற்றி வழியாக இறக்குகிறது. அவ்வளவு வேகமாக வெட்டுவதால்தான் நிலைமாற்றி சிறிதாக இருந்தாலும் போதுமாகிறது. வெட்டிய மின்சாரத்தைச் சமப்படுத்துவதும் கொள்ளளவிகளே. அலுமினியத் தாள்களுக்கு இடையில் மின்பகுதிரவம் தோய்ந்த காகிதத்தைச் சுருட்டி வைத்த சிறு உருளைகள் அவை. அந்தத் திரவம் காலப்போக்கில் வற்றுகிறது. வெப்பநிலை 10 பாகை கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியியலாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. ஊதாக் கம்பிக்கு 5 வோல்ற்று கொடுக்கும் சுற்று இரவு பகலாக விழித்திருப்பது, அதனால் எப்போதும் சூடாக இருப்பது. அங்குள்ள கொள்ளளவிகள் முதலில் வற்றுவதில் வியப்பில்லை.

வற்றிய கொள்ளளவிக்கு உட்தடை கூடும். சூடாக இருக்கும்வரை சமாளித்துக்கொள்ளும். மின்வெட்டில் ஆறி, புசல்லாவையின் பின்னிரவுக் குளிரில் கிடக்கும்போது மீதித் திரவமும் தடித்து, தடை இன்னும் ஏறும். விடிந்ததும் கரண்ட் வருகிறது, முழுச் சுமையையும் ஒரே நொடியில் தூக்கு என்கிறோம். அதனால் முடிவதில்லை. "நேற்று வரை நன்றாக ஓடியதே" என்று சொல்வதும் உண்மைதான். ஓடிக்கொண்டிருக்க முடிந்தது, புதிதாக எழும்பத்தான் முடியவில்லை. இரண்டு மூன்று தடவை பட்டனை அழுத்திய பிறகு எழும்பும் கணினி, முதல் முயற்சிகளில் சற்றுச் சூடேறியதால் எழும்புகிறது. அதைக் கணினியின் பழக்கம் என்று விட்டுவிடாமல், மின்வழங்கி போகப்போகிறது என்ற முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்வது நல்லது. இதோடு, கரண்ட் வந்த கணத்தில் ஊர் முழுவதும் குளிர்சாதனப் பெட்டிகளும் நீர்ப்பம்பிகளும் ஒன்றாகத் தொடங்குவதால் வோல்ற்றளவு விழுந்து எழுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லைட் போனதும் பிளக்கைக் கழற்றி, வந்து சில நிமிடங்கள் நிலைத்த பிறகு மாட்டுவது இதற்காகத்தான். இடி நேரத்தில் இணைய ரவுட்டரின் தொலைபேசிக் கம்பியையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

கொள்ளளவியின் கதி கண்ணுக்கே தெரிவதுண்டு. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றித் தாய்ப்பலகையில் செயலியைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளைப் பாருங்கள். தலையில் குறுக்காகக் கீறல் போட்டிருக்கும், உள்ளே வாயு சேர்ந்தால் வெடிக்காமல் அந்த வழியாக விடுவதற்கு. நல்ல உருளையின் தலை தட்டையாக இருக்கும். கெட்டதன் தலை மேடாக உப்பியிருக்கும், சிலவற்றில் கபில நிறக் கசிவு காய்ந்திருக்கும். 2000ஆம் ஆண்டை ஒட்டிய வருடங்களில், திரவக் கலவை சரியில்லாத கொள்ளளவிகள் உலகெங்கும் கணினிகளில் புகுந்து, இரண்டு மூன்று வருடத்திலேயே உப்பின. டெல் நிறுவனம் தன் ஒப்டிபிளெக்ஸ் கணினிகளைச் சரிசெய்ய 30 கோடி டொலரை ஒதுக்க நேர்ந்தது. உருளைகள் உப்பியிருந்தால் 'போர்ட் அடிச்சிருக்கும்' என்பதற்கு முதல் முறையாக ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம். அப்போதும் உருளைகளை மட்டும் மாற்றி ஒட்டத் தெரிந்தவர் கிடைத்தால் பலகை தப்பும்.

ஓர் எச்சரிக்கை. தாய்ப்பலகையில் உள்ளவை சில வோல்ற்றுகள் மட்டுமே. மின்வழங்கிப் பெட்டிக்குள் இருக்கும் பெரிய கொள்ளளவியில், பிளக்கைக் கழற்றிய பிறகும் 300 வோல்ற்றுக்கு மேல் தேங்கியிருக்கலாம். அந்தப் பெட்டியைத் தெரியாதவர் திறக்கக் கூடாது. உள்ளே பல்லி கருகிக் கிடப்பது தெரிந்தாலும் திறக்கக் கூடாது. மலைநாட்டில் குளிருக்குச் சூடு தேடிப் பூச்சியும் பல்லியும் அங்கே போவது சகஜம்.

வலு சரியென்று சைகை வந்தால் செயலி கட்டவிழ்கிறது. அதற்கு அப்போது ஒன்றுமே தெரியாது. நினைவகம் எவ்வளவு, திரை உண்டா இல்லையா, எதுவும் தெரியாது. பிறக்கும்போதே அதற்குள் பதிந்திருப்பது ஒரேயொரு முகவரி. இன்டெல் வழிவந்த செயலிகளில் அது 4 கிகாபைட் எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே இருக்கிறது. 1978இன் 8086 செயலியிலும் இதே வழக்கம்தான், அங்கே எல்லை 1 மெகாபைட். அந்த முகவரியில் முதல் கட்டளை இருக்கும் என்று செயலி போகிறது, பலகையைச் செய்தவர்கள் பயோஸ் சில்லை அங்கே இணைத்து வைத்திருக்கிறார்கள். பெரட்டு தொடங்குகிறது.

முதலில் கூப்பிடப்படும் முக்கியமான பேர் ரேம் என்ற நினைவகம். ஒரு மாதிரி எண்ணை எழுதுவதும் அதையே திருப்பி வாசிப்பதுமே சோதனை. எழுதியது வராவிட்டால் நிரல் அதற்கு மேல் போக முடியாது. ஆனால் அதை யாரிடம், எப்படிச் சொல்வது? திரை இன்னும் எழும்பவில்லை. அதனால்தான் ஐபிஎம் காலத்திலிருந்தே பலகைக்கு ஒரு சிறு ஒலிபெருக்கி கொடுத்தார்கள். எல்லாம் சரியென்றால் ஒரு குட்டைக் கூவல். அவார்ட் பயோஸில் ஒரு நெட்டையும் இரண்டு குட்டையும் கேட்டால் திரை அட்டையில் கோளாறு, நெட்டைக் கூவல் விட்டுவிட்டுத் தொடர்ந்தால் நினைவகம். ஏஎம்ஐ பயோஸில் கணக்கு வேறு. கூவல்களை எண்ணி, உங்கள் பலகையின் கையேட்டோடு ஒப்பிடுவதே பாதுகாப்பு. இப்போது விற்கும் பல பெட்டிகளில் இந்த ஒலிபெருக்கி கிடையாது. மிகச் சொற்ப விலைக்கு வாங்கிப் பொருத்தலாம், பொருத்துங்கள். அதற்குப் பதிலாகப் புதிய பலகைகள் பலவற்றில் நான்கு சிறு விளக்குகள் இருக்கின்றன: செயலி, நினைவகம், திரை, தொடக்க வட்டு. பெரட்டு எந்தப் பேரில் நின்றதோ அந்த விளக்கு எரிந்தபடியே நிற்கும்.

பழுது பார்ப்பவர்களிடம் இன்னொரு கருவியும் உண்டு. ஐபிஎம் நாட்களிலேயே, ஒவ்வொரு படியைத் தொடங்குமுன்னும் அந்தப் படியின் எண்ணை ஒரு குறிப்பிட்ட வாசலுக்கு எழுதும் பழக்கம் பயோஸுக்கு வந்துவிட்டது. வாசலின் எண் 80, பதினாறடிமானக் கணக்கில். அந்த வாசலைக் கவனித்து எண்ணைக் காட்டும் சிறு அட்டையைப் பலகையில் செருகினால், எண்கள் ஓடி ஓரிடத்தில் நிற்கும். நின்ற எண் எந்தப் படி என்று பார்த்தால் போதும்.

நினைவகத்தைக் கழற்றி மாட்டினால் சரியாகும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கைவைத்தியம். அது ஏன் பலிக்கிறது என்று பார்ப்போம். டிடிஆர்4 நினைவக அட்டை ஒன்றின் அடிவிளிம்பில் 288 தொடுமுனைகள் உள்ளன. ஒவ்வொன்றும் துவாரத்திலுள்ள ஒரு சிறு வில்லில் அழுந்தி நிற்க வேண்டும். மேலே தங்கப் பூச்சு. தங்கம் துருப்பிடிக்காது, ஆனால் பூச்சு மிக மெல்லியது, நுண்துளைகள் உள்ளது. பனியும் ஈரமும் நுழையும் வீட்டில் அடியிலுள்ள உலோகம் அந்தத் துளைகள் வழியே அரிக்கும். கணினி சூடாகி ஆறும் ஒவ்வொரு தடவையும் அட்டை நூலிழையிலும் சிறிதாக அசைந்து, உராய்ந்த தூள் தொடுமுனையில் சேரும். 288இல் ஒன்று தொடாவிட்டாலும் பெரட்டு நின்றுவிடலாம். கழற்றி மாட்டும்போது வில் தொடுமுனையின் மேல் வழுக்கிப் போய் அந்தப் படலத்தைச் சுரண்டிவிடுகிறது. உண்மையில் வேலை செய்வது அந்த வழுக்கல்தான். அழிரப்பரால் தேய்ப்பதற்கு நம் ஊரில் உள்ள மரியாதை கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். மென்மையான வெள்ளை ரப்பரால் ஒருமுறை மெல்லத் தேய்த்தால் கேடில்லை. கரடான ரப்பரால் அடிக்கடி தேய்த்தால் தங்கமே போய்விடும், தூள் துவாரத்தில் விழுந்தால் புதுப் பிரச்சினை.

கழற்றி மாட்டுவதோடு நின்றுவிடாமல் அதை ஒரு சோதனையாகவும் ஆக்கலாம். பெரும்பாலும் இரண்டு அட்டை, இரண்டு துவாரமாவது இருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, முதல் அட்டையை முதல் துவாரத்தில் மட்டும் மாட்டித் தொடங்குங்கள். பிறகு அதே அட்டையை இரண்டாம் துவாரத்தில். பிறகு இரண்டாம் அட்டையை இரண்டிலும். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், முடிவைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். ஓர் அட்டை எங்கே போனாலும் பழுது கூடவே போனால் குற்றம் அட்டையில். எந்த அட்டையைப் போட்டாலும் ஒரே துவாரத்தில் நின்றால் குற்றம் துவாரத்தில். ஒரே நேரத்தில் அட்டையை மாற்றி, கேபிளை மாற்றி, பற்றரியையும் கழற்றி, கணினி எழும்பிவிட்டால் சந்தோஷம்தான், எது காரணம் என்று மட்டும் தெரியாது. அடுத்த மழைக்கு மறுபடி முதலிலிருந்து.

எல்லா நினைவக அட்டைகளையும் கழற்றிவிட்டுத் தொடங்கிப் பார்ப்பது இன்னும் கூர்மையான சோதனை. ஒலிபெருக்கி பொருத்திய கணினி இப்போது கூவி முறைப்பட வேண்டும், விளக்குள்ள பலகையில் நினைவக விளக்கு எரிய வேண்டும். அப்படி முறைப்பட்டால் மின்வழங்கி, செயலி, பயோஸ் சில்லு மூன்றும் வேலை செய்கின்றன என்று நிரூபணமாகிவிட்டது. ஆள் வரவில்லை என்று சொல்லக் கணக்கப்பிள்ளை இருக்கிறார் அல்லவா? நினைவகம் இல்லாமலும் மௌனமாக இருந்தால், வட்டு, திரை அட்டை, யூஎஸ்பியில் தொங்குபவை என்று எல்லாவற்றையும் கழற்றி, பலகையும் செயலியும் மின்வழங்கியும் மட்டும் மீதியாகும்வரை குறைத்துக்கொண்டே வர வேண்டும். அந்த மூன்றும் மௌனமாக இருந்து, நல்லதென்று தெரிந்த வேறு மின்வழங்கி மாட்டியும் மௌனம் நீடித்தால்தான் போர்டைச் சந்தேகிக்கும் உரிமை நமக்கு வருகிறது. எதிர்மாறாக ஒன்று: டிடிஆர்5 நினைவகம் பூட்டிய புதிய கணினி முதல் தடவை எழும்பும்போது, கம்பிகளின் நேரக் கணக்கைச் சரிபார்க்கச் சில நிமிடங்கள்கூட எடுத்துக்கொள்ளும். அவ்வளவு நேரமும் திரை கறுப்புத்தான். பயந்து இடையில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

பலகையிலுள்ள காசு வடிவப் பற்றரியையும் மறக்க வேண்டாம். சிஆர்2032, 3 வோல்ற்று. செக்கனுக்கு 32,768 தடவை அதிரும் ஒரு சிறு படிகத்தை ஓடவைத்துக் கடிகாரத்தைக் காப்பாற்றுவதும், பழைய கணினிகளில் அமைப்புகளை நினைவில் வைப்பதும் அதன் வேலை. பிளக்கில் கரண்ட் இருக்கும்போது இந்தச் செலவை ஊதாக் கம்பி ஏற்றுக்கொள்ளும், பற்றரிக்கு ஓய்வு. மின்வெட்டு நீண்டால் பற்றரி தேயும். திகதி ஒவ்வொரு நாளும் பழைய வருடத்துக்குப் போய் நின்றால் மாற்றிவிடுங்கள். அமைப்புகள் குழம்பி எழும்பாத கணினியும் உண்டு. பிளக்கைக் கழற்றி, பற்றரியைச் சில நிமிடம் எடுத்துவைத்து மறுபடி போட்டால் அவை தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும்.

இத்தனை படிகளிலும் வன்வட்டின் பேர் வரவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பயோஸ் வட்டைத் தேடுவது பெரட்டின் கடைசியில். பயோஸின் முதல் எழுத்தோ பலகை நிறுவனத்தின் சின்னமோகூடத் திரையில் வராத கணினி, பெரும்பாலும் வட்டைத் தொடுமளவுக்கு வந்திருக்கவே இல்லை. விண்டோஸ் பழுதா நல்லதா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. ஆகவே அப்படிப்பட்ட கணினியைக் கடைக்குக் கொண்டுபோகும்போது "வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். விசிறி சுற்றியதா, எத்தனை கூவல், எந்த விளக்கு நின்றது, நம் லொக் மாறியதா என்று எழுதிக் கொடுங்கள். "ஃபோர்மட் அடித்தால் சரியாகும்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். வட்டை அழிப்பதால் இந்தப் பழுது தீராது. பிள்ளையின் செயற்றிட்டமும் வீட்டுப் படங்களும் அந்த வட்டில் அப்படியே இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் வட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, பெட்டியை மட்டும் கொடுத்தனுப்புங்கள். கறுப்புத் திரையின் காரணத்தைக் கண்டுபிடிக்க அது தேவைப்படாது.